பதினோரு கேபி

பொத்தானை அமுக்கிவிட்டு
அரிசி களைந்து உலையில் போடலாம்.
பாத்ரூம் வரிசையில் ஆளில்லையென்றால்
குளித்துவிட்டும் வரலாம்.
அப்போதும் அது
'வரவேற்கிறோம்' என்றே நின்றுகொண்டிருக்கும்,
முகூர்த்தம் முடிந்த மண்டப வாசலில்
யாரோ மறந்துவிட்டுப் போன பன்னீர்ச்செம்பு மாதிரி.

மங்காஃபில் நாலாவது மாடி. ஒரே அறை, ஐந்து பேர்.
கம்ப்யூட்டரும் ஐந்து பேருக்கு.
வாங்கியவர் ஆறாவது ஆள், ஞானதிரவியம்.
மூன்று வருடம் முன்பு எக்ஸிட் அடித்துப் போய்விட்டார்.
'இதைத் தூக்கிட்டா பிளேன் ஏற முடியும்?' என்று
பாஸ்வேர்டைச் சுவரில் எழுதிவைத்தார்.

போன வாரம் ஹார்ட் டிஸ்க் பேச ஆரம்பித்தது.
டக். டக். கொஞ்சம் யோசனை. டக்.
'பல்லி' என்றான் குருபாதம்.
'நல்ல திசையிலதான் சொல்லுது' என்றான் அமல்தாஸ்.
எனக்குத் தெரியும்.
எங்கள் கிடங்கின் பழைய ஃபோர்க்லிஃப்ட்
நின்றுபோவதற்கு முந்தின நாள்
இப்படித்தான் பேசியது.

தலைக்கு நான்கு தினார்.
அமல்தாஸுக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவை,
அவனுக்கு மட்டும் இரண்டு.
ஆகப் பதினெட்டு.

வெள்ளிக்கிழமை ஹவல்லி.
போக வர பஸ்ஸுக்கே அறுநூறு ஃபில்ஸ்.
படிக்கட்டுக்கு அடியில் கடை,
ஒரு மேசை, ஒரு எகிப்துக்காரர்,
பிளாஸ்டிக் தொட்டி நிறையப் பழைய ராம்.
காம்பு பார்த்துக் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல்
நாலு ஜிபியில் ஒரே கம்பெனி ஜோடி பொறுக்கினேன், ஐந்து தினார்.
புது எஸ்எஸ்டி பதிமூன்று என்றார். பத்து என்றேன்.
'ஆகிர் கலாம், பன்னிரண்டு.'
கடைசி வார்த்தைக்குப் பிறகும்
அவரிடம் ஒரு அரை தினார் மிச்சமிருந்தது.
வாங்கிக்கொண்டேன்.
பாதி பிழிந்த பேஸ்ட் ட்யூப் இனாம்.

மீதித் தொள்ளாயிரம் ஃபில்ஸில்
ஐந்து பேருக்கு ஷவர்மா வராது.
குப்பூஸ் வந்தது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே குட்டிப் பாலைவனம்.
விசிறியின் இறகுகளில் மஞ்சள் தோல்.
ஜன்னலுக்கு டேப் ஒட்டி, வாயில் துண்டு கட்டி
நாங்கள் படுத்துக் கிடந்த புழுதி நாட்களில்
இது ஒன்றுதான்
வஞ்சகமில்லாமல் மூச்சு இழுத்திருக்கிறது.
ஏசி கழுவுகிற புளோயரை நீட்டினான் குருபாதம்.
சாம்பாரில் மணல், செபஸ்தியான் தலையில் மணல்.
மொட்டைமாடியில் வைத்து ஊதியிருக்கலாம் என்பது
ஊதிய பிறகே தோன்றியது.

பழைய டிஸ்க் ஆயிரம். புதியது இருநூற்று நாற்பது.
சாவதற்குள் எதை எடுப்பது?
சினிமா போகட்டும்.
கிரிக்கெட் போகட்டும், தோற்ற மேட்ச்தானே.
ஜமால்தீன் நிக்காஹ் வீடியோ முப்பத்தெட்டு ஜிபி.
'பந்தியை மட்டும் வெட்டிரலாமா?'
'அதுலதான் மாமனார் சிரிக்கிறாரு.'
சரி, இருக்கட்டும்.

எல்லோரும் தலை கழுவப் போனபோது
'ஜிடி' என்று ஒரு ஃபோல்டர்.
மகளின் மார்க் ஷீட், போர்வெல் போட்ட பில்,
'வரவேண்டியது' என்றொரு எக்செல்.
நான்கு பெயர்கள். மூவருக்கு நேரே 'வந்தது'.
எனக்கு நேரே நாற்பது தினார், பல் பிடுங்கிய செலவு.
அடுத்த கட்டத்தில்,
'மறந்துட்டான் போல.'

நான் மறக்கவில்லை.
அதுதான் விஷயம்.

டக். டக்.
விட்டுவிட்டால் டிஸ்க்கோடு போய்விடும்.
யார் கேட்கப்போகிறார்கள்?
அளவைப் பார்த்தேன். பதினோரு கேபி.
இடமில்லை என்றும் சொல்ல வழியில்லை.

இப்போது பொத்தானை அமுக்கினால் பதினான்கு விநாடி.
செபஸ்தியான் கைதட்டினான்.
அரிசி இன்னும் டப்பாவில் இருக்கிறது.
பத்து ஜன்னல் திறந்தாலும் திணறவில்லை,
எதைத் தட்டினாலும் உடனே வருகிறது.

அதுவும்.